மேற்கோள் குறிக்குள் நாங்கள்

என் ஆய்வேட்டில் முப்பத்துநான்கு சதவீதம் திருட்டு என்று ஓர் இயந்திரம் சொன்ன அன்று, பெரு நாட்டு அரெகிப்பா நகரின் தலைமாட்டில் நிற்கும் மிஸ்தி எரிமலை வாய்விட்டுச் சிரித்தது. என் காதால் கேட்டேன். நம்பாதவர்கள் அறுபத்தெட்டு வயதில் கல்லூரியில் சேர்ந்து பார்க்கட்டும். எரிமலை என்ன, படிக்கட்டுகூடச் சிரிக்கும்.

நான் நெலிதா பெகாசோ. ஆயுள் முழுக்க மருந்துக்கடை நடத்தினேன். இந்த ஊரில் பாதிப் பேரின் இருமலை நிறுத்தியவள் நான். மீதிப் பாதிப் பேருக்கு என் கடை வாசலைத் தாண்டும்போதே இருமல் தானாக நின்றுவிடும். கடையைக் கொடுத்துவிட்டு வரலாறு படிக்கச் சேர்ந்தேன். வகுப்புப் பிள்ளைகள் முதல் நாள் என்னைப் பேராசிரியை என்று நினைத்து எழுந்து நின்றார்கள். இரண்டாம் நாள் தலைவலி மாத்திரை கேட்டார்கள். அதற்குப் பிறகு நான் இல்லாமல் எந்தக் கூத்தும் நடக்கவில்லை.

ஐந்து வருடம் கழித்து ஆய்வேடு எழுதும் கட்டம் வந்தது. என் பொருள், எங்கள் பேட்டையின் பிகாந்தேரியாக்கள். சோளத்தில் வடித்த சிச்சாக் கள்ளும், நாக்கைக் கழற்றித் தட்டில் வைக்கும் காரமும் கிடைக்கிற சாப்பாட்டுக் கடைகள் அவை. நடத்துகிறவர்கள் எல்லாரும் பெண்கள். 1911இல் யாரோ ஒரு சுகாதார அதிகாரி, விறகடுப்புகளையெல்லாம் அணைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். கடைக்காரப் பெண்கள் கூடி ஒரு மனு கொடுத்தார்கள். ஆவணக் காப்பகத்தில், என் காலத்துத் தூசியும் என் பாட்டனார் காலத்துத் தூசியும் கலந்து கிடந்த ஒரு காகிதக் கட்டுக்குள் அந்த மனுவைக் கண்டேன். முதல் கையெழுத்து க்ளோதில்தே மமானி என்ற பெண்ணுடையது. அந்த எழுத்தை இப்போது தொட்டாலும் விரல் எரியும்.

'அடுப்பில் புகை வருகிறது என்கிறார் அதிகாரி. அவர் வாயில்தான் நாள் முழுக்கச் சுருட்டுப் புகை வருகிறது. அவரை நாங்கள் அணைத்தோமா?' என்று ஓரிடத்தில் கேட்டிருந்தார்கள். கீழே இப்படி முடித்திருந்தார்கள்: 'நாங்கள் எத்தனையோ சட்டங்கள் பிறந்து சாவதைக் கண்டவர்கள், இன்னுமொன்றுக்கு அஞ்சுவதாக இல்லை.'

இந்தக் கடைசி வாக்கியத்தைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காரணம், எங்கள் துறைப் படிக்கட்டின் அடியில் ஒரு வெண்கலப் பலகை இருக்கிறது. அதில் இதே வாக்கியம். அடியில் பெயர்: டாக்டர் அடெல்மோ பெரோச்செனா. எங்கள் துறைத் தலைவர், முறுக்கு மீசைக்காரர். பட்டமளிப்பு அழைப்பிதழ்களில் அந்த வாக்கியம். மாணவர் தேர்தல் சுவரொட்டிகளில் அந்த வாக்கியம். ஒரு பையன் தோளில் பச்சைகுத்திக்கொண்டு வந்தான். டாக்டர் கண்ணில் நீர் மல்க அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். பச்சை ஆறுவதற்கு முன்னால் தட்டியதால் அவன் கண்ணிலும் நீர் மல்கியது.

ஆனால் நான் அப்போது வாயைத் திறக்கவில்லை. மனுவிலிருந்து எடுத்த ஒவ்வொரு வரிக்கும் மேற்கோள் குறி போட்டேன். காப்பகத்தின் பெயர், கட்டு, தாள், வருடம், எல்லாவற்றையும் அடிக்குறிப்பில் எழுதினேன். புட்டிக்கு லேபிள் ஒட்டிப் பழகிய கை. ஆய்வேட்டைத் துறையில் கொடுத்தேன். துறை அதை இயந்திரத்திடம் கொடுத்தது.

இணையம் முழுக்க மோப்பம் பிடித்து, எந்த வரி எங்கே ஏற்கெனவே இருக்கிறது என்று சிவப்பு பூசித் தருகிற மென்பொருள் அது. இருபது சதவீதத்தைத் தாண்டினால் ஆய்வேடு ஒழுங்குக் குழுவுக்குப் போகும். பட்டம் போச்சு. அதைவிட மோசம், கருத்துத் திருட்டு செய்தவர் என்று பெயரைப் படிக்கட்டுக்கு எதிரே உள்ள கண்ணாடிப் பெட்டியில் ஒட்டிவிடுவார்கள். என் வாழ்நாளில் என் பெயர் கண்ணாடிக்குள் இருந்தது ஒரே இடத்தில்தான்: மருந்துக்கடை உரிமம்.

என் வழிகாட்டி மாகிஸ்டர் ரோமுலோ டிகோனா நல்ல மனிதர். அவருடைய ஒப்பந்தத்தை ஒவ்வொரு பருவமும் டாக்டர் பெரோச்செனா புதுப்பிக்க வேண்டும் என்பதால், டாக்டர் மேல்மாடியில் தும்மினால் இவர் கீழே மூக்கைத் துடைத்துக்கொள்வார்.

"டோன்யா நெலிதா, பாருங்க, ஒரே ரத்தக்களறியா இருக்கு" என்று காகிதத்தைக் காட்டினார். என் மேற்கோள்கள் எல்லாம் சிவப்பு; நான் கண்டெடுத்த மனுவைக் காப்பகத்தார் அதற்குள் இணையத்தில் ஏற்றியிருந்தார்கள்.

"மேற்கோள் குறி போட்டிருக்கேனே மாகிஸ்டர். அடிக்குறிப்பும் இருக்கு. இது எப்படித் திருட்டு ஆகும்?"

"குறி போட்டா அதைக் கணக்குல எடுக்காம விடுற ஒரு வசதி இருக்குதுங்க. நம்ம துறையில அதை அணைச்சு வெச்சிருக்காங்க."

"யார் அணைச்சது?"

மாகிஸ்டர் கூரையைப் பார்த்தார். கூரைக்கு மேலே டாக்டரின் அறை.

"சின்ன விஷயம்தான்" என்று அவர் குரலைத் தாழ்த்தினார். "குறியையெல்லாம் எடுத்துட்டு வார்த்தையை மாத்திப் போடுங்க. அடிக்குறிப்பும் வேண்டாம். இயந்திரத்துக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

"ஆக, இன்னார் சொன்னதுன்னு எழுதினா திருட்டு. எழுதாம எடுத்துக்கிட்டா ஆய்வு."

"நீங்க ரொம்பக் கடுமையாச் சொல்றீங்க." அவர் ஒரு வரியை மாற்றி எழுதிக் காட்டினார். சுருட்டு வரி இப்படி ஆகியிருந்தது: 'உணவுத் தொழில்முனைவோரான மகளிர், ஒழுங்குமுறை நடவடிக்கைகள் குறித்துத் தமது மாற்று மனப்பாங்கை வெளிப்படுத்தினர்.'

படித்தேன். எனக்குத் தூக்கமே வராத வயது. அந்த ஒரே வரியில் கொட்டாவி வந்தது. கடையில் இந்த வரி கிடைத்திருந்தால் தூக்க மாத்திரையே விற்றிருக்க மாட்டேன்.

"இன்னொரு வழியும் இருக்கு" என்றார் மாகிஸ்டர். "அந்தச் சட்டங்கள் வரி இருக்குல்ல, அது டாக்டரோட கட்டுரையில இருக்கிறதா இயந்திரம் காட்டுது. அங்க 'பெரோச்செனா கூறுவதுபோல'ன்னு போட்டுடுங்க. அவரை யாராவது மேற்கோள் காட்டினா மனசு குளிர்ந்துடும். மத்த சிவப்பையெல்லாம் அவரே துடைச்சு விட்டுடுவார்."

"அவர் சொல்லலையே மாகிஸ்டர். க்ளோதில்தே சொன்னா."

"க்ளோதில்தே உங்க ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டாங்களே" என்றார் அவர் பரிதாபமாக. யாருடைய ஒப்பந்தம் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"மருந்துக்கடையில லேபிள் இல்லாத புட்டியை வித்தா ஜெயில். இங்க லேபிள் இல்லாத வாக்கியத்தை வித்தா வெண்கலப் பலகை. ஒரு குறியைக்கூட எடுக்க மாட்டேன். அப்படியே தேர்வுக்குப் போறேன். நாள் போடுங்க."

வழிகாட்டி பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டால், ஒழுங்குக் குழுவுக்குப் போகும் முன் முப்பத்துநான்கோடும் வாய்மொழித் தேர்வுக்குப் போகலாம். ஆனால் தேர்வுக் குழு அங்கேயே வைத்து அறுத்துப் பார்க்கும். மாகிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டு கையெழுத்திட்டார்.

சிவப்புக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு நேராக பெனியின் பிகாந்தேரியாவுக்குப் போனேன். பெனி என்கிற பெனெடிக்டா மமானி என் கொமாத்ரே. அவள் மகளுக்கு ஞானத்தாய் நான்தான். க்ளோதில்தே அவளுக்குப் பெரியத்தை முறை. பெனி பேசினால் ஆற்றின் எதிர்க் கரைக் கழுதைகள் காதை மடக்கிக்கொள்ளும்.

அவள் ரொகோட்டோ மிளகாய்க்கு விதை எடுத்துக்கொண்டிருந்தாள். மாகிஸ்டர் மாற்றி எழுதிய வரியைப் படித்துக் காட்டினேன்.

"யாரு இது பேசுறது? மந்திரியா?"

"உங்க க்ளோதில்தேதான்."

"எங்க பெரியத்தையா? இப்படிப் பேசியிருந்தா அவளுக்கு ஒரு குடிகாரன்கூட வாடிக்கை இருந்திருக்க மாட்டான். கொமாத்ரே, நீ அந்தக் குறியை எடுத்தேன்னு வை, இந்த வாசப்படி ஏறாதே. சிச்சாவும் கிடையாது, உறவும் கிடையாது."

"எடுக்கலேன்னா என் பேரு கண்ணாடிப் பெட்டியில தொங்கும்டி. திருடின்னு."

பெனி கத்தியைக் கீழே வைத்தாள். அடுப்பில் இருந்த குழம்புகூடக் கொதிப்பதை நிறுத்திக் காத்திருந்தது.

"அந்த மீசைக்காரன் என்னதான் எழுதியிருக்கான்? எடு பார்ப்போம்" என்றாள்.

டாக்டரின் கட்டுரையை அச்செடுத்து வைத்திருந்தேன். பக்கம் பக்கமாக ஒரே தூசி. அந்த வாக்கியம் பதினேழாம் பக்கத்தில், மேற்கோள் குறி இல்லாமல், அவருடைய சொந்தப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. சத்தமாகப் படித்தேன். பெனி என் கையிலிருந்து காகிதத்தைப் பறித்தாள்.

"திரும்பப் படி. முதல் வார்த்தையை."

படித்தேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

எங்கள் ஸ்பானிய மொழியில் 'நாங்கள்' என்பதற்கே மீசையும் பாவாடையும் உண்டு. ஆண்கள் சொன்னால் நொசோத்ரோஸ். பெண்கள் மட்டும் சொன்னால் நொசோத்ராஸ். ஓரெழுத்துதான். எங்கள் பேராசிரியர்களோ, கட்டுரையில் தனியாளாக இருந்தாலும் 'நாங்கள் கருதுகிறோம்', 'நாங்கள் மறுக்கிறோம்' என்றுதான் எழுதுவார்கள். ஒரே ஆள் ஊர்வலமாக வருவதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் அடக்கம். டாக்டரும் கட்டுரை முழுக்க நொசோத்ரோஸ், நொசோத்ரோஸ் என்று மீசையை முறுக்கிக்கொண்டே வந்தார். பதினேழாம் பக்கத்தில் மட்டும் திடீரென்று: நொசோத்ராஸ். எடுத்து ஒட்டிய அவசரத்தில் பாவாடையை அவிழ்க்க மறந்துவிட்டார். வெண்கலப் பலகை செய்தவர் யாரோ நல்லெண்ணத்தில் திருத்தியிருக்கிறார். கட்டுரையைத் திருத்த யாருமில்லை. அதை யாரும் படித்ததே இல்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பெனி சிரித்த சிரிப்பில் சுவரில் மாட்டியிருந்த புனிதர் படம் திரும்பிக்கொண்டது.

தேர்வு நாளன்று அரங்கத்தில் நாற்பது நாற்காலிகள். வந்தவர்கள் நாலாயிரம் பேர். சரி, எழுபது. ஆனால் எல்லாரும் பிகாந்தேரியாப் பெண்கள் என்பதால் அது நாலாயிரத்துக்குச் சமம். தேர்வு முடிந்ததும் வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுவது எங்கள் வழக்கம். அதற்காக ஆளுக்கொரு பானையோடு வந்து, மூடியைத் திறக்காமலே வாசனையை அனுப்பி, தேர்வுக் குழுவின் வயிற்றை முதலில் பிடித்துக்கொண்டார்கள்.

மேடையில் மூவர். நடுவில் டாக்டர் பெரோச்செனா. வலப்புறம் டாக்டரா (பெண் டாக்டருக்கு எங்கள் மொழியில் அப்படித்தான்) ஓர்ட்டென்சியா மாலகா, ஒல்லியான அம்மாள், பேனாவைக் கத்தி மாதிரி பிடிப்பவர். இடப்புறம் ஒரு முதிய பேராசிரியர். அவர் பல பருவங்களாகத் தூக்கத்திலேயே மதிப்பெண் போட்டு வருகிறார். மாகிஸ்டர் டிகோனா கதவோரம், ஓடுவதற்கு வசதியாக நின்றார்.

நான் என் உரையை முடித்தேன். டாக்டர் சிவப்புக் காகிதத்தைத் தூக்கிப் பிடித்தார்.

"முப்பத்துநாலு. அம்மா, இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இது? வீட்ல நிம்மதியாப் பூச்செடி வளர்க்கலாமே."

"பூச்செடிக்கு நான் தண்ணி மட்டும்தான் ஊத்துவேன் டாக்டர். அதைப் பக்கத்து வீட்ல பிடுங்கிட்டு வந்து என் தொட்டியில நடுறது இல்ல."

பின்வரிசையில் ஒரு பானை மூடி கணீரென்றது. டாக்டரின் மீசை நெளிந்தது.

"நேரடியாவே கேக்குறேன். சட்டங்கள் பத்தின வாக்கியம் என் கட்டுரையில இருக்கு. இயந்திரமே சொல்லுது. என்னை ஏன் மேற்கோள் காட்டலை?"

"அது 1911 மனுவுல இருக்கு டாக்டர். அடிக்குறிப்பைப் பாருங்க."

"அந்த மனுவை நான் கண்ணால பார்த்ததே இல்ல. ரெண்டு மனசு ஒரே மாதிரி யோசிக்கக் கூடாதா? அந்த வாக்கியம் எப்படிப் பிறந்துச்சுன்னு எனக்கு இன்னைக்கும் ஞாபகம் இருக்கு. ஒருநாள் காலையில, முகம் மழிச்சுக்கிட்டிருந்தப்போ, கண்ணாடி முன்னாடி, அப்படியே முழுசா வந்துச்சு."

இதைவிட அழகான பதிலை நான் காசு கொடுத்தாலும் வாங்கியிருக்க முடியாது. கட்டுரையை எடுத்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன். துடைக்கத் தேவையே இல்லை. ஆனால் சில சந்தோஷங்களை ஒரே மடக்கில் குடித்துவிடக் கூடாது.

"பதினேழாம் பக்கம். டாக்டரோட வார்த்தையிலேயே படிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாகத் தட்டில் வைத்துப் பரிமாறினேன். "நொ-சோத்-ராஸ்."

பின்வரிசையிலிருந்து பெனியின் குரல்:

"அய்யோ டாக்டர், அன்னைக்கு மீசையோட நிறுத்தியிருக்கக் கூடாதா?"

அரங்கம் வெடித்தது. மூடிகள் கணீர் கணீரென்றன. இடப்புறப் பேராசிரியர் விழித்தே விட்டார். நிலநடுக்கம் என்று நினைத்து மேசைக்கடியில் பாதி போய், பிறகு விஷயம் கேட்டு வெளியே வந்து, அவரும் சிரிக்கத் தொடங்கினார்.

"அச்சுப்பிழை!" என்றார் டாக்டர். மேசையைத் தட்டியும் பார்த்தார். "ஒரே ஒரு எழுத்து. அச்சுப்பிழை!"

"கட்டுரை முழுக்க நாங்கள் நாங்கள்னு நிறைய தடவை எழுதியிருக்கீங்க. எல்லா இடத்துலயும் மீசை இருக்கு. எடுத்த வாக்கியத்துல மட்டும்தான் பாவாடை. அச்சுப்பிழைக்கு இவ்வளவு மூளையா டாக்டர்?"

டாக்டரா மாலகா கையை நீட்டினார். கட்டுரையைக் கொடுத்தேன். படித்தார். காப்பகத்தார் முத்திரை போட்டுக் கொடுத்த மனுவின் நகலையும் கேட்டு வாங்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்து விரலால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுக்கொண்டே போனார்.

"கால்புள்ளிகூட அதே இடத்துல இருக்கு, அடெல்மோ. அந்தப் பெண்கள் தப்பா வெச்ச கால்புள்ளி."

"ஓர்ட்டென்சியா, இதை நாம உள்ளே போய்ப் பேசலாம்."

"நாமன்னா? எந்த நாம? ஓவா, ஆவா?"

மறுபடியும் மூடிகள் முழங்கின. நான் கையைத் தூக்கினேன். சத்தம் அடங்கியது. எனக்கே ஆச்சரியம், மருந்துக்கடைக் கூட்டத்தைக்கூட நான் அப்படி அடக்கியதில்லை.

"டாக்டர், எனக்குப் பட்டம் குடுங்க, குடுக்காமப் போங்க. என் பேரைக் கண்ணாடிப் பெட்டியில ஒட்டணும்னா தாராளமா ஒட்டுங்க. ஆனா ஒரு குறியும் நகராது. அவங்க அடுப்பை அன்னைக்கு ஒருத்தர் அணைக்க வந்தார். இன்னைக்கு அவங்க வாயைப் பொத்தச் சொல்றீங்க. அவங்க சொன்னது அவங்க சொன்னதாத்தான் இருக்கும்."

தேர்வுக் குழு பக்கத்து அறைக்குப் போனது. சுவர் மெல்லியது. டாக்டரின் குரல் ஏறி இறங்கியது. டாக்டராவின் குரல் ஒரே மட்டத்தில் போய்க்கொண்டிருந்தது, ரம்பம் மாதிரி. நடுவில் முதியவர், "எனக்குப் பசிக்குது, அந்த அம்மாவைப் பாஸ் பண்ணிவிடுங்க" என்பதும் கேட்டது. எழுபது பெண்களும் பானை மூடிகளை இறுகப் பிடித்துக்கொண்டார்கள்.

அவர்கள் திரும்பி வந்தபோது முடிவைப் படிக்க வேண்டியவர் தலைவர்தான். டாக்டரின் முகம் வெந்து ஆறிய உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது.

"பெரும்பான்மை முடிவுப்படி, தேர்ச்சி" என்றார். அடுத்த வரியைப் பார்த்து நிறுத்தினார். "ஒரு திருத்தத்துக்கு உட்பட்டு."

பெனி எழுந்தாள். "எந்தக் குறியை எடுக்கணுமாம்?"

"எடுக்க வேண்டியது எதுவும் இல்லை" என்றார் டாக்டரா மாலகா. "சேர்க்கணும். ஆய்வு நேர்மைன்னா முழுசா இருக்கணும், டோன்யா நெலிதா. அந்த வாக்கியம் வேற எங்க வந்திருந்தாலும் குறிப்பிடணும். டாக்டர் பெரோச்செனா தன்னை மேற்கோள் காட்டலையேன்னு வருத்தப்பட்டார். நியாயமான வருத்தம். காட்டிடுங்க."

காட்டினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பக்தியோடு எதையும் எழுதியதில்லை. இரண்டு குடும்பப் பெயர்களும் வரிசை மாறாமல், ஆண்டு, இதழ், பக்கம், ஒரு புள்ளி பிசகாமல். என் ஆய்வேட்டின் நாற்பத்தோராம் அடிக்குறிப்பு இது:

'இதே வாக்கியம், மேற்கோள் குறி இன்றியும், மூலம் சுட்டப்படாமலும், பெண்பால் மாறாமலும், டாக்டர் அடெல்மோ பெரோச்செனா சால்செடோவின் கட்டுரையில் பதினேழாம் பக்கத்தில் காணப்படுகிறது. அது முகம் மழிக்கும்போது உதித்தது என்பது ஆசிரியரின் நேர்முகக் கூற்று. எழுபது பேர் முன்னிலையில்.'

அந்த அடிக்குறிப்பை இப்போது பெரு முழுக்க மேற்கோள் காட்டுகிறார்கள். டாக்டரின் மற்ற எழுத்துகளையெல்லாம் சேர்த்தாலும் அதன் கால் தூசிக்கு வராது. மாகிஸ்டர் டிகோனாவின் ஒப்பந்தத்தை இந்தப் பருவம் புதுத் துறைத் தலைவர் டாக்டரா மாலகா புதுப்பித்தார். மென்பொருளில் மேற்கோள் குறியை மதிக்கும் வசதி மறுபடி உயிர் பெற்றது. என் ஆய்வேடு ஆறு சதவீதத்துக்கு இறங்கியது. அந்த ஆறும் என் பெயரும் பல்கலைக்கழகத்தின் பெயரும்தான்.

வெண்கலப் பலகையை இன்னும் கழற்றவில்லை. அதற்கு மூன்று குழுக்களின் ஒப்புதல் வேண்டுமாம். ஆனால் ஒரு திங்கட்கிழமை காலையில் அந்த வாக்கியத்தின் இரு முனையிலும் ரத்தச் சிவப்பில் மேற்கோள் குறிகள் முளைத்திருந்தன. 'ஓ'வின் மேல் 'ஆ' ஏறி உட்கார்ந்திருந்தது. அடியில் குட்டி எழுத்தில்: க்ளோதில்தே மமானியும் பிறரும், 1911. துடைத்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை மறுபடியும் முளைத்தது. துடைத்தார்கள். மறுபடியும்.

யார் செய்வது என்று காவலாளி என்னைக் கேட்டார். நகப்பூச்சு என்பது மட்டும் தெரியும், சாயம் நல்ல சாயம், லேசில் போகாது என்று சொன்னேன். அவர் என் விரல்களைப் பார்த்தார். நான் கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

"நீங்களா டோன்யா?"

"நாங்கள்" என்றேன், பாவாடையோடு.